இலவச வரலாற்றுக் காணொளிகள் எங்கே? படம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று தேடுங்கள்

"பழைய நகரங்கள், மக்களின் அன்றாட வாழ்க்கை, கலைகள் பற்றிய உண்மையான பழைய பதிவுகளைப் பணம் கட்டாமல் எங்கே பார்க்கலாம்? யூடியூபில் தேடினால் நாலு புகைப்படத்தை நகர்த்தி, மேலே குரல் கொடுத்த வீடியோக்கள்தான் வருகின்றன. கிடைப்பதில் கொஞ்சம் எடுத்து வகுப்பில் காட்டலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எங்கே இருக்கிறது, கிடைத்ததை நம்பலாமா, எடுத்துப் பயன்படுத்தலாமா. முதல் கேள்விக்குத் தளங்களின் பெயர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் தேடும் வழி தெரியாமல் பெயர்கள் மட்டும் தெரிந்தால், அங்கே போயும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதான் திரும்புவீர்கள். நான் நூலகத் துறையில் படித்துவிட்டுப் பல வருடங்களாகப் பழைய பிலிம்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் விவரப் பட்டியல் தயாரிக்கும் வேலை செய்கிறேன். அந்த வேலை சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன்.

உங்கள் தேடல் ஏன் தோற்கிறது என்பதில் தொடங்குகிறேன். தேடுபொறி பெரும்பாலும் காணொளியைச் சுற்றி எழுதப்பட்ட எழுத்தைத்தான் படிக்கிறது. தலைப்பு, விளக்கம், குறிச்சொற்கள், சப்டைட்டில் இருந்தால் அதுவும். இப்போது ஒருவர் தயாரித்துப் போடும் வீடியோவில் நீங்கள் தட்டச்சு செய்யக்கூடிய எல்லாச் சொற்களும் திட்டமிட்டே இருக்கும். 1930களில் எடுத்த ஒரு செய்திப்படத்தின் தலைப்பு, அன்றைக்கு யாரோ ஒரு பதிவேட்டில் எழுதிய மூன்று சொற்களாக இருக்கும். இன்றைய ஊர்ப்பெயர் அதில் இருக்காது. இன்று நாம் முக்கியம் என்று நினைக்கும் ஆளின் பெயரும் இருக்காது. பார்வையாளர் எண்ணிக்கையும் குறைவு என்பதால் பட்டியலின் அடியில் போய் விழுந்துவிடும்.

அதனால் 'எதைப் பற்றிய படம்' என்று தேடுவதைவிட, 'இந்த மாதிரிப் படத்தை அந்தக் காலத்தில் யார் எடுத்திருப்பார்கள், அந்தச் சுருள்கள் இப்போது யாரிடம் இருக்கும்' என்று யோசிக்கத் தொடங்குங்கள். பழைய காலத்தில் கேமரா எல்லார் கையிலும் இல்லை. செய்திப்பட நிறுவனங்கள், அரசுகள், வானொலி தொலைக்காட்சி நிலையங்கள், மானிடவியல் ஆய்வாளர்கள், வசதி படைத்த சில தனிமனிதர்கள், பெரும்பாலும் இவ்வளவுதான். ஒவ்வொரு கூட்டத்தின் படங்களும் ஒவ்வொரு இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, உள்ளே போய்த் தேடினால் ஒரே மாலையில் வாரக்கணக்கில் பார்ப்பதற்குக் கிடைக்கும்.

செய்திப்படங்களிலிருந்து ஆரம்பியுங்கள், அதுதான் எளிது. தொலைக்காட்சி பரவுவதற்கு முன் திரையரங்குகளில் முக்கியப் படத்துக்கு முன்னால் ஓடிய சில நிமிடச் செய்திச் சுருள்கள் இவை. பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014-இல் தன்னிடமிருந்த சுமார் 85,000 படங்களை யூடியூபில் ஏற்றியது. அடுத்த வருடம் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம், தன் காப்பகத்தையும் பிரிட்டிஷ் மூவிடோன் தொகுப்பையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் அதிகமான துண்டுகளை ஏற்றியது. அமெரிக்காவின் யுனிவர்சல் செய்திப்படங்கள் 1970களில் அந்த நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கப்பட்டன. கொடுத்த நிறுவனம் தன் பங்குக்குப் பதிப்புரிமைக் கட்டுப்பாடு எதுவும் வைக்கவில்லை. வகுப்பில் பயன்படுத்த நினைக்கும் உங்களுக்கு இந்தக் கடைசிச் செய்தி முக்கியம், பிறகு சொல்கிறேன்.

பாத்தேயின் சொந்தத் தளத்தில் ஒரு படத்தின் பக்கத்தைத் திறந்து, படத்தை ஓட்டாமல், கீழே இருக்கும் விவரத்தை முதலில் படியுங்கள். பல பக்கங்களில் காட்சி காட்சியாக எழுதியிருப்பார்கள். 'எம்/எஸ்' என்று இருந்தால் நடுத்தூரக் காட்சி, 'சி/யூ' என்றால் மிக அருகில் எடுத்தது, 'எல்/எஸ்' என்றால் தொலைவிலிருந்து எடுத்தது. ஒருவர் பிலிமைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்து எழுதிய குறிப்பு அது. தலைப்பில் 'அரச விருந்தினர் வருகை' என்றுதான் இருக்கும். உள்ளே நாலாவது வரியில் 'சி/யூ, குடை பிடித்த பெண்கள்' என்று கிடக்கும். உங்களுக்கு வேண்டியது விருந்தினரா, அந்தப் பெண்களா? வரலாறு தேடுகிறவருக்குப் பெரும்பாலும் அந்த நாலாவது வரிதான் வேண்டியிருக்கும். சில பக்கங்களில் 'வெளியிடப்படாதது. தேதியும் இடமும் தெளிவாக இல்லை அல்லது தெரியவில்லை' என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். அப்படிப் போடுகிற காப்பகத்தை நான் அதிகம் நம்புவேன்.

தேடும்போது அந்தக் காலத்துப் பெயரைப் போடுங்கள். இலங்கை வேண்டுமென்றால் 'சிலோன்', தாய்லாந்துக்கு 'சயாம்', இஸ்தான்புல்லுக்கு 'கான்ஸ்டான்டினோப்பிள்', புனித பீட்டர்ஸ்பர்க் சோவியத் காலத்தில் 'லெனின்கிராடு'. இவற்றை ஆங்கில எழுத்தில், அன்றைய எழுத்துக்கூட்டலில் தட்ட வேண்டும். அப்புறம் ஆண்ட நாட்டின் மொழியிலும் ஒருமுறை முயலுங்கள். இந்தோனேசியாவின் இருபதாம் நூற்றாண்டு முற்பகுதிக் காட்சிகள் நெதர்லாந்துக் காப்பகங்களில் அந்த ஆட்சிக்காலப் பெயரில்தான் பதிவாகியிருக்கின்றன. ஒரு நாட்டின் பழைய படங்கள் அந்த நாட்டில் இல்லாமல், அதை ஆண்டவர்களின் தலைநகரில் கிடப்பது வேதனையான விஷயம். ஆனால் தேடுகிறவர் அதைத் தெரிந்துவைத்திருக்கத்தான் வேண்டும்.

பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகளுக்கு 'கொலோனியல் ஃபிலிம்' என்ற தளத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களின் விவரப் பட்டியல் அதில் இருக்கிறது. அங்கேயே பார்க்கக் கிடைப்பவை நூற்றைம்பது சொச்சம்தான். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல படங்களோடு, அதை யார், எதற்காக, எந்த அரசியல் தேவைக்காக எடுத்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதிய நல்ல கட்டுரைகள் இருக்கின்றன. ஒரு படத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இலவச இடம் எனக்குத் தெரிந்து குறைவு. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2017-இல் '1899 முதல் 1947 வரையிலான இந்தியா' என்று ஒரு தொகுப்பையும் வெளியிட்டது. அவர்களுடைய சொந்தத் தளத்தில் பல படங்கள் பிரிட்டனுக்கு வெளியே ஓடாது. அதே படங்களில் ஒரு பகுதி அவர்களின் யூடியூப் பக்கத்தில் ஓடும்.

அரசுகள் எடுத்தவை அடுத்து. இந்தியாவில் ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948-இல் தொடங்கியது. கலைஞர்கள், கைவினைகள், அணைகள், தேர்தல்கள் என்று பல பத்தாண்டுகள் படமெடுத்துத் தள்ளிய நிறுவனம். 2022-இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. அதன் படங்கள் கணிசமாக யூடியூபில் கிடைக்கின்றன. கனடாவின் நேஷனல் ஃபிலிம் போர்டு 1939-இல் தொடங்கியது. 2009 முதல் தன் தளத்தில் ஆயிரக்கணக்கான ஆவணப்படங்களையும் அசைவூட்டப் படங்களையும் இலவசமாக வைத்திருக்கிறது. கொரியத் திரைப்படக் காப்பகம் தன் பழைய முழுநீளப் படங்களைச் சப்டைட்டிலோடு யூடியூபில் தருகிறது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். சினிமாவின் முதல் இருபது வருடப் படங்கள் பல இன்று இருப்பதற்கே ஒரு சட்டக் குறைபாடுதான் காரணம். 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படம் என்று ஒரு வகையே கிடையாது. புகைப்படம் என்ற வகை இருந்தது. அதனால் படமெடுத்தவர்கள் பிலிமின் ஒவ்வொரு கட்டத்தையும் (ஃபிரேம், அதாவது ஒரு தனி நிலைப்படம்) நீளமான காகிதச் சுருளில் புகைப்படமாக அச்சிட்டு, அதைப் பதிவு செய்தார்கள். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவே மக்கும். காகிதம் அப்படியே இருந்தது. 1950களில் தொடங்கி அந்தக் காகிதச் சுருள்களை ஒவ்வொரு கட்டமாகத் திரும்பப் படமெடுத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை மீட்டார்கள். அவற்றில் பல இன்று நூலகத்தின் தளத்தில் இருக்கின்றன, டவுன்லோடும் செய்யலாம். அதே தளத்தில் 'நேஷனல் ஸ்கிரீனிங் ரூம்' என்ற பகுதி 2018-இல் தொடங்கப்பட்டது. அங்கேயும் பாருங்கள்.

நீங்கள் 'கலைகள், மக்களின் வாழ்க்கை' என்று கேட்டதற்கு நேரான பதில், பொதுவாக யாரும் சொல்லாத ஓரிடம்: ஜெர்மனியின் ஹானோவர் நகரில் இருக்கும் டி.ஐ.பி. நூலகத்தின் 'ஏ.வி. போர்ட்டல்'. கோட்டிங்கனில் இருந்த அறிவியல் திரைப்பட நிறுவனம் ஒன்று 1952 முதல் 'திரைப்படக் கலைக்களஞ்சியம்' என்று ஒரு பெரிய திட்டத்தை நடத்தியது. ஒரு படத்தில் ஒரு செயல் மட்டும். பானை வனைவது, கூடை முடைவது, படகு கட்டுவது, ஒரு நடனம், ஒரு சடங்கு. பின்னணிக் குரல் கிடையாது, உணர்ச்சியைத் தூண்டும் இசை கிடையாது. கேமரா நின்று கைகளைப் பார்க்கும், அவ்வளவுதான். பல படங்களில் ஒலியே இல்லை. கூடவே ஆய்வாளர் எழுதிய சிறு கையேடு இருக்கும், பெரும்பாலும் ஜெர்மனில். அந்த நிறுவனம் 2010-இல் மூடப்பட்ட பிறகு படங்கள் ஹானோவருக்கு வந்தன. முதல் இரண்டு நிமிடம் சலிப்பாக இருக்கும். பொறுத்துப் பார்த்தால், ஒரு கைவினைஞர் விரலை எங்கே வைக்கிறார், எந்த நொடியில் கருவியைத் திருப்புகிறார் என்பதெல்லாம் தெரியத் தொடங்கும். தொலைக்காட்சி ஆவணப்படம் வெட்டி எறிவது அந்தப் பகுதியைத்தான்.

இதற்கு இணையாக இன்றைய பதிவுகள் வேண்டுமென்றால் யுனெஸ்கோவின் மரபுக் கலைகள் பகுதிக்குப் போகலாம். 2003-இல் உருவான உடன்படிக்கையின்கீழ் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு கலைக்கும், வழக்கத்துக்கும் தனிப் பக்கம் இருக்கும். பெரும்பாலானவற்றில் சுமார் பத்து நிமிடக் காணொளி, புகைப்படங்கள், விண்ணப்ப ஆவணம் எல்லாம் இருக்கும். கேரளத்தின் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டம் அதில் 2008 முதல் இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தக் காணொளிகளைத் தயாரித்துக் கொடுப்பது பட்டியலில் இடம் கேட்கும் நாடுகள். அதனால் கலை நன்றாகத் தெரியும்; அதற்குள் இருக்கும் சண்டை, யாருக்கு அதில் இடம் மறுக்கப்பட்டது, யார் அதைக் கைவிட்டுப் போனார்கள் என்பது பொதுவாகத் தெரியாது. விண்ணப்ப ஆவணத்தையும் சேர்த்துப் படித்தால் கொஞ்சம் பிடிபடும்.

ஆஸ்திரேலியாவின் 'பாரடிசெக்' காப்பகம் 2003-இல் தொடங்கியது. பசிபிக் தீவுகள், அதைச் சுற்றியுள்ள பகுதிகளின் மொழிகளும் பாடல்களும் அங்கே சேமிக்கப்படுகின்றன. ஒலிப்பதிவுகள் அதிகம், காணொளிகளும் உண்டு. இலவசம்தான், ஆனால் பதிவு செய்து, நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு உள்ளே போக வேண்டும். சில பதிவுகள் அந்தச் சமூகத்தின் விருப்பப்படி பூட்டப்பட்டிருக்கும். ஒரு சடங்குப் பாடலை வெளியார் கேட்கக் கூடாது என்று அந்த மக்கள் சொன்னால், அந்தப் பூட்டை மதிப்பதுதான் சரி. வேறெங்காவது கசிந்த நகலைத் தேடிப் போகாதீர்கள்.

தொலைக்காட்சிக் காப்பகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் தேசிய ஒலி ஒளிக் காப்பகமான 'இனா' 2006-இல் தன் தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ஆள்பெயர், ஊர்ப்பெயர் போட்டுத் தேடலாம். நெதர்லாந்தின் 'ஓப்பன் பீல்டன்' தளம் பழைய செய்திப்படங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தருகிறது, அதாவது பெயர் குறிப்பிட்டு, பெரும்பாலானவற்றுக்கு அதே உரிமத்தில் வெளியிட்டால், நீங்கள் வெட்டி ஒட்டிப் பயன்படுத்தவும் அனுமதி. பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தும் தொலைக்காட்சியான 'ஆர்ட்டே' ஆங்கிலத்திலும் ஆவணப்படங்களை இலவசமாகப் போடுகிறது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வைத்திருக்கும், பிறகு எடுத்துவிடும். கலை வரலாற்றுக்கு 'ஸ்மார்ட்ஹிஸ்டரி' காணொளிகள்: இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சிற்பத்தின் அல்லது ஓவியத்தின் முன்னால் நின்று பேசிக்கொள்வதுபோல் இருக்கும், குறைந்த நேரத்தில் நிறையச் சொல்வார்கள். முழுப் பாடமாக வேண்டுமென்றால் யேல் பல்கலைக்கழகம் 2007 முதல் வெளியிட்ட திறந்த வகுப்புகளில் பண்டைய கிரேக்க வரலாறு உட்படச் சில நல்ல தொடர்கள் இருக்கின்றன.

இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான், ஆனால் அதற்குள் எப்படி நடப்பது என்று தெரியாவிட்டால் தொலைந்துபோவீர்கள். 1996-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆகவே நூலகம் ஏற்றிய அருமையான படமும், யாரோ தொலைக்காட்சியிலிருந்து பதிந்து போட்டதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பெரிய தேடுபெட்டியில் தட்டாமல், முதலில் ஒரு தொகுப்புக்குள் நுழைந்து, அதற்குள் மட்டும் தேடுங்கள். 'பிரெலிங்கர் ஆர்கைவ்ஸ்' அப்படியொரு தொகுப்பு. ரிக் பிரெலிங்கர் என்ற அமெரிக்கர் 1980களிலிருந்து, மற்றவர்கள் குப்பை என்று தூக்கிப் போட்ட விளம்பரப் படங்கள், தொழிற்சாலைப் பயிற்சிப் படங்கள், பள்ளிக்கூடப் பாடப் படங்கள், வீட்டு வீடியோக்கள் என்று சேர்த்தார். 2002-இல் காங்கிரஸ் நூலகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. மக்கள் உண்மையில் எப்படி உட்கார்ந்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்கு இந்த மாதிரிப் படங்கள்தான் சாட்சி. எந்தப் பக்கத்திலும் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும் வடிகட்டிகளில் வருடம், மொழி, தொகுப்பு மூன்றையும் தேர்வு செய்யுங்கள். பாதிக் குப்பை அதிலேயே போய்விடும்.

யூடியூபையும் அடியோடு விட வேண்டியதில்லை. மேலே சொன்ன நிறுவனங்களின் சேனலுக்குள் போனால், அந்தச் சேனலுக்குள் மட்டும் தேட ஒரு பூதக்கண்ணாடிக் குறி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் தேடலின் தரம் அதிலேயே மாறிவிடும்.

சரி, கிடைத்ததை நம்பலாமா? இங்கே சில விஷயங்களை அடித்துச் சொல்லலாம். அசையும் படமாக நமக்குக் கிடைத்திருப்பதில் மிகப் பழையவை 1888-ஐ ஒட்டிய சில நொடித் துண்டுகள். காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திரையிட்டதில் புகழ்பெற்ற லூமியேர் சகோதரர்களின் காட்சி 1895 டிசம்பரில் பாரிஸில் நடந்தது. எனவே '1870-இல் இந்த நகரத்துத் தெரு' என்று அசையும் படம் யாராவது போட்டிருந்தால் அது பொய், மேலே யோசிக்கவே வேண்டாம். ஒலியும் படமும் ஒன்றாகப் பதிவாவது 1920களின் கடைசியில்தான் பரவியது. 1905-ஆம் வருடத்துத் தெருக்காட்சியில் குதிரைக் குளம்பொலி கேட்டால், யாரோ இப்போது சேர்த்தது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இன்று கணினி பூசிய வண்ணம் ஊகம். அந்தப் பெண்ணின் உடை உண்மையில் நீலமா பச்சையா என்று பிலிமில் தகவலே கிடையாது. அசைவு வழவழப்பாக இருந்தால் இடையிலுள்ள கட்டங்களைக் கணினி வரைந்திருக்கிறது. மௌனப் படங்களைப் பெரும்பாலும் நொடிக்குப் பதினாறு, பதினெட்டுக் கட்டங்கள் என்ற அளவில் எடுத்தார்கள். அதை இருபத்துநாலில் ஓட்டுவதால்தான் எல்லாரும் ஓடுவதுபோல் நடக்கிறார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் அப்படி நடக்கவில்லை.

அடித்துச் சொல்ல முடியாதவையும் உண்டு, முக்கியமாக இடமும் தேதியும். இந்தியாவில் எடுத்த மிகப் பழைய படங்களில் இன்று மிஞ்சியிருப்பது 1899-ஐச் சேர்ந்த ஒன்று. அதன் தலைப்பில் கல்கத்தா என்று இருக்கிறது. படத்தில் தெரிவதோ காசியின் படித்துறைகள், படகிலிருந்து எடுத்தது. இன்று பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டே அதைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. ஆனால் இணையத்தில் நகலெடுத்துப் போடுகிறவர்கள் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு 'பழைய கல்கத்தா' என்று பரப்புகிறார்கள். மூலக் காப்பகத்தின் பக்கத்துக்குப் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தேதிக்கு இன்னொன்று சொல்கிறேன், இதை நீங்களே வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம். சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் தண்டவாளத்தில் ஓடும் கேபிள் காரின் முன்பக்கத்தில் கேமராவை வைத்து எடுத்த சுமார் 13 நிமிடப் படம். நீண்ட காலம் அது 1905-இல் எடுத்தது என்றே பட்டியல்களில் இருந்தது. டேவிட் கீன் என்ற திரைப்பட வரலாற்றாளர் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தெருவில் மழைநீர் தேங்கியிருக்கிறது. அந்தக் காலத்துச் செய்தித்தாள்களின் வானிலைச் செய்திகளோடு ஒப்பிட்டார். ஒரு காரின் நம்பர் பிளேட் தெரிகிறது. அது 1906-இன் தொடக்கத்தில்தான் பதிவானது. இப்படிச் சேர்த்துப் பார்த்தபோது, படம் 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்துக்குச் சில நாட்களுக்கு முன் எடுக்கப்பட்டது என்று தெரிந்தது. அந்தத் தெருவில் நாம் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பகுதி அடுத்த சில நாட்களில் இடிந்தோ எரிந்தோ போனவை. இன்னொன்றையும் கவனியுங்கள்: சில கார்கள் கேமராவைச் சுற்றிச் சுற்றித் திரும்ப வருகின்றன. தெருவில் கார் நெரிசல் என்று காட்டுவதற்காக வரவழைத்தவை. பிள்ளைகளிடம் 'அதே கார் எத்தனை தடவை வருகிறது, எண்ணுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். சான்றை எப்படிப் பார்ப்பது என்று ஒரு வகுப்பில் புரிந்துவிடும்.

உண்மையான இடம், உண்மையான தேதி, ஆனாலும் காட்சி நடிப்பாக இருக்கலாம். 1916-இல் வெளிவந்த 'சோம் போர்' என்ற, முதல் உலகப்போர் பற்றிய பிரிட்டிஷ் படத்தில் வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறி ஓடுவதும், ஒருவர் சரிந்து விழுவதும் மிகப் புகழ்பெற்ற காட்சி. அது போர்முனைக்குப் பின்னால் ஒரு பயிற்சி இடத்தில் எடுத்தது. படத்தின் மற்ற பெரும்பகுதி மெய்யான களக்காட்சி. 1942-இல் போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த பகுதியில் நாஜிகள் எடுத்த படச்சுருள்கள் இன்னும் கொடியவை. வசதியான யூதர்கள் ஏழைகளைக் கண்டுகொள்ளாமல் வாழ்வதுபோல், கட்டாயப்படுத்தி நடிக்கவைத்து எடுத்தார்கள். பல பத்தாண்டுகள் அந்தக் காட்சிகள் நேரடிச் சாட்சியம் போலவே ஆவணப்படங்களில் பயன்பட்டன. 1998-இல் கிடைத்த கூடுதல் சுருள் ஒன்றில், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்ததும், கேமராமேன்களே சட்டகத்துக்குள் வந்துபோவதும் பதிவாகியிருந்தன. படம் யார் கையிலிருந்து வந்தது என்று கேட்காமல் பார்த்தால், எடுத்தவரின் பொய்யை நாமே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடுவோம். இது எனக்கு மனதில் ஆழமாகப் படுகிற விஷயம், அதனால்தான் இவ்வளவு நீட்டினேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவு 'பழைய' காட்சிகளையே புதிதாக உருவாக்கிக் கொடுக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வது நாளுக்கு நாள் கஷ்டமாகும். மூலக் காப்பகத்தின் பெயரும், அந்தக் காப்பகம் படத்துக்குக் கொடுத்த பதிவு எண்ணும் இல்லாத எதையும் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள் என்பதுதான் நான் இப்போது ஆசிரியர்களிடம் சொல்வது.

பயன்படுத்தும் உரிமைக்கு வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, நடைமுறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதும், எடுத்துப் பயன்படுத்த அனுமதி இருப்பதும் வேறு வேறு. பாத்தே, அசோசியேட்டட் பிரஸ் படங்களை யூடியூபில் எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம்; வெட்டி உங்கள் வீடியோவில் சேர்க்க உரிமம் வாங்க வேண்டும். அமெரிக்க அரசு அலுவலர்கள் பணியின் பகுதியாக எடுத்த படங்களுக்கு அந்த நாட்டில் பதிப்புரிமை கிடையாது. யுனிவர்சல் செய்திப்படங்களும் பொதுவாகத் தொல்லை இல்லாதவை, உள்ளே வரும் சில துண்டுகளுக்கு மட்டும் வேறு உரிமைகள் இருக்கலாம். அமெரிக்காவில் 1929-இல் வெளியான படங்கள் 95 வருடம் முடிந்து 2025 ஜனவரி 1-இல் பப்ளிக் டொமைனுக்கு, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற நிலைக்கு, வந்தன. ஒவ்வொரு ஜனவரியிலும் அடுத்த வருடத்துப் படங்கள் சேரும். இந்தியாவில் ஒரு படம் வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம். ஒரே படம் ஒரு நாட்டில் உரிமை முடிந்தும் இன்னொரு நாட்டில் முடியாமலும் இருக்கலாம். படத்தின் உரிமை முடிந்தாலும் பிற்பாடு சேர்த்த இசைக்குத் தனி உரிமை இருக்கலாம்.

வகுப்பறையில் பாடத்தின் பகுதியாக ஓட்டிக் காட்டுவதற்குப் பல நாடுகளின் சட்டம் இடம் தருகிறது. அதையே பதிவு செய்து உங்கள் சேனலில் ஏற்றினால் கதை வேறு. இன்டர்நெட் ஆர்கைவில் 'பப்ளிக் டொமைன்' என்று போட்டிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பல பக்கங்களில் அதைப் போட்டது ஏற்றியவர். நூலகமோ காப்பகமோ ஏற்றிய பக்கத்தில் இருந்தால் நம்பிக்கை அதிகம். யூடியூப் தேடலின் வடிகட்டியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எவ்வளவு தேடினாலும் கிடைக்காதவை ஏராளம் என்பதையும் சொல்ல வேண்டும். 1912-க்கும் 1929-க்கும் இடையில் வந்த அமெரிக்க மௌன முழுநீளப் படங்களில் அன்று வெளியான வடிவத்திலேயே மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவ்வளவு பணமும் தொழில்நுட்பமும் இருந்த நாட்டின் நிலை இது. மிஞ்சியதிலும் பெரும்பகுதி இன்னும் டிஜிட்டல் ஆகவில்லை. பட்டியலில் பெயர் இருந்து காணொளி இல்லையென்றால், காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, எதற்கு வேண்டும் என்று இரண்டு வரியில் கேட்டால் போதும். பதில் போடும் அலுவலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சில நேரம் உங்களுக்காகவே ஒரு சுருளை டிஜிட்டல் வரிசையில் முன்னால் நகர்த்துவதும் உண்டு.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வரும். மேலே சொன்னவற்றில் தமிழ் சப்டைட்டில் மிக அரிது. யூடியூபின் தானியங்கி மொழிபெயர்ப்பு பேச்சின் சாரத்துக்குப் போதும். ஆள்பெயர், ஊர்ப்பெயர், வருடம் மூன்றையும் அதிலிருந்து எடுக்கவே கூடாது. வகுப்புக்கு என்றால் ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே பேசுங்கள். அந்தக் காலச் செய்திப்பட வர்ணனையில் ஆளுகிறவரின் குரல் ஓங்கியிருக்கும். ஒருமுறை ஒலியில்லாமல், ஒருமுறை ஒலியோடு ஓட்டினால் பிள்ளைகளே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள்.

கிடைத்ததைக் குறித்துவைக்கும்போது இணைப்பை மட்டும் வைக்காதீர்கள், அது எப்போது வேண்டுமானாலும் செத்துப்போகும். காப்பகத்தின் பெயர், படத்தின் மூலத் தலைப்பு, பதிவு எண், எத்தனையாவது நிமிடத்தில் உங்களுக்கு வேண்டிய காட்சி என்ற நான்கையும் எழுதி வையுங்கள். நகரமா, கைவினையா, நடனமா, எந்தக் காலம் என்று குறிப்பாக எழுதினால், எந்தக் காப்பகத்தில் எந்தப் பெயரில் தேடலாம் என்று கீழேயே சொல்கிறேன்.